ஒத்துப்போன சாப்பாடு

"நீங்க எழுதிக் குடுத்த மூணு வகை நாய்த்தீனியும் வாங்கிப் போட்டாச்சு டாக்டர். மோந்துகூடப் பாக்க மாட்டேங்குது!"

நாயை மேசைமேல் ஏற்றும்போதே பொரிந்து தள்ளினாள் அவள். பக்கத்தில் கணவன் நாயின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றான்.

கால்நடை மருத்துவர் நாயின் ஈறுகளைப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், எடையும் போட்டார்.

"பட்டினி கிடக்கிற நாய் மாதிரி தெரியலையேம்மா. ரோமம் பளபளன்னு இருக்கு. வீட்ல வேற என்ன குடுக்கறீங்க?"

"ஒண்ணும் கிடையாது. காலைல எட்டு மணிக்கு ஆபீஸ் போனா, நான் திரும்பி வர சாயங்காலம் ஆயிடும்."

"அப்போ சார்தான் ஏதோ குடுக்கறார்!" என்று சிரித்தார் மருத்துவர்.

கணவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "மத்தியானம் மட்டும்... வேக வச்ச கோழி, கேரட், பீன்ஸ். உப்பு, எண்ணெய் எதுவும் சேக்காதது."

"பிரமாதம் சார்! அது இதுக்கு நல்லா ஒத்துப்போயிருக்கு. அதையே குடுங்க. யார் சமைக்கறது?"

கணவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நான்தான் டாக்டர்," என்றாள் அவள். "விடிகாலைல எழுந்து சமைக்கறேன். நாய்க்கு இல்ல, இவருக்கு! ஹார்ட் அட்டாக் வந்தப்புறம் இவருக்குச் சொன்ன பத்தியச் சாப்பாடு அது."

மருத்துவரின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

அவள் கணவன் பக்கம் திரும்பினாள். "அப்போ நீங்க தினமும் என்ன சாப்பிட்டீங்க?"

"தெருமுனைக் கடைல... ஏதாவது பொரிச்சது..."

நாயின் கயிற்றை அவன் கையில் திணித்தாள்.

"ஐசியூ வாசல்ல நாலு நாள் பச்சைத் தண்ணிகூடக் குடிக்காம உக்காந்திருந்தது நானா, இந்த நாயா?"