நான்கு வீடு தள்ளி

சோபா ஒன்றுதான் பாக்கி.

அதைத் தூக்க அவன் குனிந்தபோது மகள் ஏறி உட்கார்ந்துகொண்டாள். முதுகில் பள்ளிக்கூடப் பை. பக்கத்தில் தம்பி, மடியில் தண்ணீர் பாட்டிலோடு.

"லாரி வரட்டும்" என்றாள்.

லாரி எதுவும் வருவதாக இல்லை. புது வீடு அதே தெருவில், நான்கு வீடு தள்ளி, மாடியில் இருந்தது. காலையிலிருந்து எல்லாவற்றையும் கையாலேயே கொண்டுபோய்விட்டார்கள். பீரோவுக்கு மட்டும் அக்கம்பக்கத்து ஆட்கள் கை கொடுத்தார்கள். குக்கர், மிக்ஸி, தலையணை, சாமி படமெல்லாம் அவன் மனைவி வாசுகியின் இடுப்பிலும் தோளிலுமாக நடந்தே போயின.

ஆனால் மகள் சுபிக்ஷாவுக்கு ஐந்து வயது. வீடு மாறுகிறோம் என்று சொன்ன அன்றே யூகேஜி முழுக்கப் பரப்பிவிட்டாள். ரொம்ப தூரம் போகிறோம். லாரியில் போகிறோம். பக்கத்தில் உட்காரும் பிள்ளை தன்னுடைய மயில் ரப்பரை ஞாபகமாக வைத்துக்கொள் என்று கொடுத்திருந்தது. டீச்சரும் அதை நம்பி, எந்த ஊருக்கு மாற்றல் என்று அவனிடமே விசாரித்தார்.

அவன் சிரித்துக்கொண்டே வந்து வாசுகியிடம் சொன்னான்.

அவள் சிரிக்கவில்லை.

கல்யாணமான புதிதில் அவளுக்குக் கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை கிடைத்தது. பிறகு பார்க்கலாம் என்றான் அவன். முதல் பிள்ளை வந்தது. அடுத்ததும் வந்தது. இப்போது வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னதும், போடியிலேயே கிடக்க வேண்டுமா, தேனிப் பக்கமாவது பார்ப்போமா என்று கேட்டாள். அவன் வேலை பார்க்கும் ஏலக்காய்க் கடைக்கு இந்தத் தெருதான் தோது. இங்கேயே வீடு அமைந்துவிட்டது என்று சந்தோஷமாக வந்து சொன்னான்.

சரி என்றாள்.

அதிலிருந்து அளவாகத்தான் பேசுகிறாள்.

மகள் அழவில்லை. அழுதிருந்தால் அலாக்காகத் தூக்கிக்கொண்டு போயிருப்பான். வாசலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அதுதான் தாங்கவில்லை.

தெருமுனையில் மொக்கராசு அண்ணன் தன் குட்டியானை லோடு வண்டியில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். வாழைத்தார் இறக்கிவிட்டு வந்த வண்டி காலியாக நின்றது. இவன் போய் விஷயத்தைச் சொல்லி, பிள்ளைக்காக ஒரு ரவுண்டு போய் வரலாமா என்றான். அவர் டீ கிளாஸை வைத்துவிட்டு, வெறும் சோபாவை மட்டும் ஏற்றினால் பிள்ளை நம்புமா என்று கேட்டார்.

அதனால் மாடிக்குப் போயிருந்த பாயும் வாளியும் டேபிள் ஃபேனும் மறுபடி கீழே இறங்கின. மூன்று வயதுத் தரணி, குட்டியானை என்றதும் தும்பிக்கையைத் தேடி வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தான்.

பிள்ளைகள் விழுந்துவிடாமல் பிடித்துக்கொள்ள வாசுகியையும் ஏறச் சொன்னான். அடுப்பு வேலை கிடக்கிறது என்றாள்.

கொஞ்சம் நின்றாள்.

ஏறினாள்.

அவன் முன்னால் மொக்கராசுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். வண்டி தெருவில் ஊர்ந்தது. மகள் ஒவ்வொரு வீட்டுக்கும் டாட்டா காட்டிக்கொண்டே வந்தாள். புது வீட்டு மாடியில் அவளுடைய பாவாடை காய்ந்துகொண்டிருந்தது. அதற்கும் சேர்த்துக் காட்டினாள்.

பஸ் ஸ்டாண்டைத் தாண்டினார்கள். ஊர் முடிந்தது. இரண்டு பக்கமும் மாந்தோப்பு. எதிரே மலை வந்து நின்றது. மேலே ஏறுகிற ரோடு ஆரம்பிக்கும் இடத்தில் செக்போஸ்ட் இருக்கிறது, அங்கே திருப்பிக்கொள்ளலாம் என்றார் மொக்கராசு.

அவன் முதுகுப்பக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்தான்.

நகரும் வண்டியில் அவன் வீட்டுச் சோபா. அதில் வாசுகி ஒரு காலை மடித்துப் போட்டு, வீட்டில் உட்காருவதுபோலவே உட்கார்ந்திருந்தாள். முடி காற்றில் பறந்தது. ஒதுக்கவில்லை. மகள் ஏதோ சொன்னாள். மகன் அதைத் தப்பாகத் திருப்பிச் சொல்லியிருப்பான் போல. வாசுகி வாய்விட்டுச் சிரித்தாள்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எதுவும் கேட்கவில்லை.

அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து வெகு நாளாயிற்று என்பது மட்டும் அவனுக்குத் தெரிந்தது.

செக்போஸ்ட் வந்தது. மொக்கராசு வேகத்தைக் குறைத்தார். வண்டியை வளைக்க இடம் பார்த்தார்.

தலைக்கு மேலே தகரத்தில் யாரோ தட்டினார்கள்.

மகள்தான் என்று நினைத்துத் திரும்பினான்.

வாசுகி எழுந்து நின்றிருந்தாள்.

"திருப்பாதீங்கண்ணே" என்றாள். "இன்னுங் கொஞ்சம் போங்க."

மொக்கராசு அவன் முகத்தைப் பார்த்தார். எஞ்சின் உறுமிக்கொண்டே நின்றது.

அவன் கதவைத் திறந்து இறங்கினான். பின்னால் போய், வாளியை ஓரமாகத் தள்ளிவிட்டு ஏறினான். சோபாவில் மூன்று பேருக்குத்தான் இடம். வாசுகி மகனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு நகர்ந்தாள். அவன் உட்கார்ந்தான். அவள் தோள் அவன் தோளில் இடித்தது. விலக்கவில்லை.

போகச் சொல்லி மொக்கராசுவுக்குக் கையைக் காட்டினான்.

வண்டி மேட்டில் முனகிக்கொண்டு ஏறியது. முதல் வளைவு. அடுத்த வளைவு. கீழே ஊர் மெல்லச் சின்னதாகிக்கொண்டு வந்தது. காற்றில் குளிர் ஏறியது.

"இன்னும் எம்புட்டுத் தூரம்ப்பா?" என்று கேட்டாள் மகள்.

பதில் சொல்ல அவன் திரும்பினான்.

வாசுகியும் அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.