ஓடும்போதே மாற்று

"லிஜிச் சேச்சி, லீவைப் போட்டுட்டு மூணாறு குளிர்ல உக்காந்திருக்கீங்களா? இங்க என் மானம் போகுது!" என்றான் ஷிபு போனில். கோட்டயத்து மருத்துவமனை ஒன்றின் கணினிப் பிரிவில் அவளுக்கு அடுத்த ஆள் அவன்தான்.

"என்னாச்சு?"

"டேட்டாபேஸ்ல பழைய குப்பையைக் கூட்டுற வேலை காலையிலிருந்து பின்னாடி ஓடுது. வேற எதையும் அசைய விடல. எந்தக் கவுன்டர்லயும் ஒரு தாள்கூட வரல. நிறுத்திடவா?"

"நிறுத்தாதே. பாதியில விட்டா நாளைக்கும் இதே கதிதான். நடுநடுவுல அது எவ்வளவு நேரம் ஓய்வெடுக்கணும்னு ஒரு செட்டிங் இருக்கு. ரெண்டை இருபதாக்கிட்டு, செட்டிங்கை மட்டும் ரீலோட் பண்ணு."

"ஓடிட்டிருக்கும்போதேவா? அது கேக்குமா?"

"கேக்கும். நடுவுலயே படிச்சுக்கும்."

அவள் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

ஷிபு தட்டினான். ஒரு நிமிடத்தில் கத்தினான். "சேச்சி, வேகம் வந்துடுச்சு! எல்லா இடத்துலயும் பிரின்ட் ஆகுது!"

"ஆமா, இங்கயும் ஆகுது."

"இங்கன்னா எங்க?"

"கீழ, மார்ச்சுவரி ஜன்னல்கிட்ட. ரெண்டு மணி நேரமா நிக்கிறேன். நம்ம சிஸ்டம்தான் மாட்டிக்கிட்டிருக்குன்னு தோணவே இல்ல, ஷிபு."



ஜன்னலுக்குள்ளிருந்து ஊழியர் ஒரு தாளை நீட்டினார். "ஏலியாம்மாவைக் கொண்டுபோக வந்தது யாரு?"

"நான்தான்," என்றாள் லிஜி. "மகள்."