அடுப்பின் மேல் வெயில்

ஓடுகளையும் மூங்கில் தட்டிகளையும் இறக்கியாயிற்று. முன்கூடம் திக்னோவுக்கு, பின்னாலிருக்கும் சமையல்கட்டு அவன் அண்ணி வாகினெமுக்கு. நிலம், செத்துப்போன அவள் புருஷனின் பூர்வீகம். பிள்ளை இல்லாததால் தம்பிக்கே திரும்புகிறது. வீடு மட்டும் புருஷனும் அவளும் சேர்ந்து உழைத்துக் கட்டியது, அதனால் பாதி அவளுக்கு. எங்கள் ஜாவா நியாயம் இவ்வளவு சுத்தமாகத்தான் அறுக்கும். சமையல்கட்டின் தேக்குச் சட்டத்தை அப்படியே தூக்கி, ஆற்றோரம் அவள் அண்ணன் கொல்லையில் வைக்க ஊர்க்காரர்கள் நாங்கள் தோள் கொடுத்து நிற்கிறோம். இந்த வேலைக்குக் கூலி கிடையாது. வீட்டுக்காரி வயிற்றுக்குப் போட வேண்டும். அதனால் வாகினெம் இன்னும் உள்ளே அடுப்பின் முன் குந்தியிருக்கிறாள். மரவள்ளிக்கிழங்கு வேகிறது, காபி கொதிக்கிறது.

“அக்கா, எந்திரிங்க, தூக்கப் போறோம்!”

“நீங்க தூக்குங்கப்பா. கிழங்கு அடிப்பிடிச்சிடும்.”

கல்யாண வீட்டுக்குப் பந்தல்கால் தூக்குவது போலக் கூவிக்கொண்டு தூக்குகிறோம். சட்டம் அவள் தலைக்கு மேலே எழும்பி, மெல்ல நகர்ந்து போகிறது. விட்டத்தில் படிந்த புகைக்கரி உதிர்ந்து அவள் கொண்டையில் விழுகிறது. அந்த அடுப்பின் மேல் முதன்முதலாக முழு வெயில் அடிக்கிறது. வெளிச்சத்தில் தீ எரிவதே தெரியவில்லை. தன் முன்கூடத்துத் தூணில் சாய்ந்திருக்கும் திக்னோ தொண்டையைச் செருமுகிறான்.

“அண்ணி, அடுப்பப் பேத்துடாதீங்க. அது என் நிலத்து மண்ணு.”

தோளில் சட்டம் கனக்கிறது. வாகினெம் முதல் கோப்பையை அவனிடம் நீட்டுகிறாள்.

“குடிங்க தம்பி. தண்ணியும் உங்க கிணத்துத் தண்ணிதான்.”

அவன் வாங்கி, ஊதி ஊதிக் குடிக்கிறான்.