எத்தனை அடி?

"பொய் சொல்ல வருமா உனக்கு?"

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே குழந்தைகள் பகல் காப்பகத்துப் பொறுப்பாளர் அம்மா இப்படிக் கேட்டதும் அவள் திருதிருவென்று விழித்தாள். குழந்தையைக் குளிப்பாட்டத் தெரியுமா, தூங்க வைக்கத் தெரியுமா என்று கேட்பார்கள் என நினைத்து வந்தவள்.

"சின்னப் பொய்தான். இங்க இருக்கிற பிள்ளைங்க முதல் அடி எடுத்து வச்சா, பெத்தவங்ககிட்ட மூச்சு விடக் கூடாது. வீட்டுல அவங்க பார்க்கிறதுதான் முதல் அடி. ஓடி வந்து சொல்லுவாங்க. அப்ப நீ கன்னத்துல கை வச்சுக்கிட்டு மூணு கேள்வி கேட்கணும். நிஜமாவா? எத்தனை அடி? யார்கிட்ட வந்தான்?"

"எதுக்கும்மா இந்த நாடகம்?"

"அவங்க மறுநாள் வேலைக்குப் போகணும்ல. மனசு ஒடிஞ்சு போச்சுன்னா எப்படிப் போவாங்க?"

அவளுக்கும் பத்து மாதத்தில் ஒரு பெண் குழந்தை இருந்தது. ஆனால் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்குக் காப்பகத்தில் இடம் கிடையாது. சொந்தப் பிள்ளை பக்கத்தில் இருந்தால் கை அங்கேதான் போகுமாம். அதனால் ஊரார் பிள்ளைகளைத் தூக்க இங்கே வந்தவள், தன் பிள்ளையை மூன்று வீடு தள்ளி இருக்கும் நாத்தனாரிடம் விட்டுவிட்டு வந்தாள்.

நாத்தனார், கணவனின் அக்கா. மனதில் பட்டதை முகத்துக்கு நேரே போட்டு உடைக்கிற வாய்.

"பாப்பா அழுதாளா அண்ணி?"

"அழாம? நீ போனதுல இருந்து மதியம் வரைக்கும் அழுதா."

கொஞ்சம் குறைத்துச் சொல்லலாம். சொல்ல மாட்டாள்.

காப்பகத்துக் கேள்விகளை அவள் கன்னத்தில் கை வைத்து நடித்துக் காட்டியபோதும் நாத்தனார் சிரிக்கவில்லை.

"நல்ல கூத்து. பெத்தவளையே ஏமாத்துறீங்க. எனக்கு இதெல்லாம் வராதும்மா."

"எனக்கும் பொய் வேண்டாம் அண்ணி. பாப்பா நடந்தா உடனே போன் பண்ணிடுங்க. ஆனா பாருங்க, என் கண்ணு முன்னாலதான் நடப்பா."

நாத்தனார் பாப்பாவைத் தூக்கி அவள் கையில் கொடுத்தாள்.

அந்த நம்பிக்கையில்தான் இரண்டு மாதம் ஓடியது. தினமும் சாயங்காலம் பாப்பாவைச் சுவரில் சாய்த்து நிறுத்தி, இரண்டு கையையும் நீட்டி, "வா, வா" என்று கூப்பிடுவாள். பாப்பா பொத்தென்று உட்கார்ந்து தூக்கத்துக்குக் கண்ணைக் கசக்கும்.

ஒரு வியாழக்கிழமை, காப்பகத்தில் எல்லோரும் உருண்டை என்று கூப்பிடும் குண்டுப் பையன், பொம்மைப் பெட்டியை விட்டுவிட்டு இரண்டு அடி எடுத்து வைத்து அவள் மடியில் வந்து விழுந்தான். வெள்ளிக்கிழமை அறை முழுக்கச் சுற்றினான். திங்கட்கிழமை காலை அவன் அம்மா மூச்சு வாங்க ஓடி வந்தாள். பேங்க்கில் புதிதாகச் சேர்ந்திருப்பவள்.

"நேத்து நடந்துட்டான்! முதல் முதலா!"

அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "நிஜமாவா? எத்தனை அடி?"

"ஆறு!"

"யார்கிட்ட வந்தான்?"

"என்கிட்டதான்." பேங்க்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

அன்று சாயங்காலம் நாத்தனார் வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லி அவளுக்கு ஆறவில்லை.

"முதல் தடவை நடக்கிற பிள்ளை ஆறு அடியா வைக்கும்? ரெண்டு வைக்கும், விழுந்துடும். இதுகூடவா ஒருத்திக்குத் தெரியாது? கண்ணைத் துடைச்சுட்டுப் போறா அண்ணி, எனக்குச் சிரிப்பை அடக்க முடியலை. என்ன அம்மாவோ!"

நாத்தனார் பாப்பாவின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுக்கிறவள் அன்று தலையை நிமிர்த்தவே இல்லை. பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. அவள் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். நாற்காலியைப் பிடித்து நின்ற பாப்பா கையை விட்டது. சிரித்தது. அறையின் அந்தக் கோடியிலிருந்து நேராக நடந்து வந்து அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டது.

செருப்புகூடப் போடாமல், குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினாள்.

"அண்ணி! நடந்துட்டா! என் முன்னாலதான் நடந்தா. நான் சொன்னேன்ல?"

காய் நறுக்கிக்கொண்டிருந்த நாத்தனார் கத்தியைக் கீழே வைத்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். பிறகு அந்தக் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"நிஜமாவா? எத்தனை அடி?"

"ஒன்பது அண்ணி!"

சொன்ன பிறகுதான் அந்த எண் அவள் காதிலேயே விழுந்தது.

நாத்தனார் அவளைப் பார்க்கவில்லை. கன்னத்தில் வைத்த கையையும் எடுக்கவில்லை. மனப்பாடம் செய்ததைப் பாதியில் விடத் தெரியாதவள் போல மூன்றாவது கேள்வியையும் கேட்டாள்.

"யார்கிட்ட வந்தா?"

பாப்பா இடுப்பிலிருந்து நழுவி இறங்கி, கதவோரம் கிடந்த பந்தை எடுக்கத் தானாக நடந்து போய்க்கொண்டிருந்தது.

"என்கிட்டதான் அண்ணி," என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் வேலைக்குப் போக வேண்டும்.