பச்சை விளக்கு

சண்டை ஓய்ந்ததும் எஸ்தர் முதலில் பார்ப்பது கணவன் ஜெபராஜின் கைப்பட்டையைத்தான். உடம்பில் அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன் புரதங்கள் பெருகி, செல்களில் தூங்கும் கோப மரபணுக்களைத் தட்டி எழுப்பினால் அதில் சிவப்பு எரியும். இல்லாவிட்டால் பச்சை. சிவப்பைக் கண்டால், "நான் பேசல எஸ்தர், சைட்டோகைன் பேசுச்சு" என்பான். அவளும் மிளகு ரசம் வைத்துக் கொடுத்துவிட்டு மறந்துவிடுவாள்.

இன்று தட்டைத் தள்ளிவிட்டு, "உன்னைக் கட்டினதே தப்பு" என்றான்.

"இன்னைக்கு எந்த ஜீன் முழிச்சிருக்குன்னு பாப்போம்" என்று ஆவலோடு அவன் சட்டைக் கையை ஏற்றினாள். பச்சை. துடைத்துவிட்டுப் பார்த்தாள். அப்போதும் பச்சைதான்.

"ரிப்பேரா இருக்கும்" என்றான் ஜெபராஜ்.

எஸ்தர் பட்டையைக் கழற்றித் தன் கையில் கட்டிக்கொண்டாள். அது மெல்லச் சிவந்தது.

"நல்லாத்தான் வேலை செய்யுது" என்றாள்.