மாமியார் ஏறிய பெட்டி

"தள்ளாதீங்கப்பா! மெதுவா ஏறுங்க!"

அரிசோனாவின் ஹோல்புரூக் ரயிலடியில் நின்று தெல்சான் தன் சனத்தையே ரயிலில் ஏற்றிக்கொண்டிருந்தான். வெள்ளைக்காரப் பட்டாளத்துக்குத் தடம் பார்த்துச் சொல்லும் அப்பாச்சிப் பழங்குடி ஆள் அவன். குண்டடிபட்ட கேப்டனை மலையிலிருந்து முதுகில் சுமந்து வந்ததற்குக் கிடைத்த பதக்கம் மார்பில் தொங்கியது.

"எங்களைக் கடலோரத்துச் சிறைக்கு அனுப்பிட்டு நீ மெடல் மாட்டிக்கிட்டு திரி! நல்லாயிருப்பியாடா?" என்று அவன் பங்காளி கல்சே காறித் துப்பினான்.

தெல்சானுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அவன் என்ன செய்வான்? "காவலுக்குக் கூட வா, உன் ஆட்களை எவனும் அடிக்காமல் பார்த்துக்கொள். கொண்டுபோய் விட்டதும் நீயும் உன் பெண்டாட்டியும் ஊர் திரும்பலாம்" என்று கேப்டன் கையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தார். பாவி, நம்பிவிட்டான்.

"ஏய்யா, சோளம் முத்தி நிக்குது. அறுப்புக்குத் திரும்பிடுவோமா?" என்றாள் மனைவி இஷ்தேன்.

"கேப்டன் வாக்குடி. நான் சுமந்த மனுசன்!"

"அதுசரி, உன் துப்பாக்கி எங்க?"

"எண்ணெய் போட்டுத் தர்றோம்னு வாங்கி வச்சிருக்காங்க."

இருவரும் முன்பெட்டியில் ஏறினார்கள். பின்னாலேயே ஒரு சிப்பாய் இஷ்தேனின் அம்மாவையும் உள்ளே தள்ளினான். அந்த அம்மாள் பதறிப்போய்ப் போர்வையால் முகத்தை மூடிக்கொண்டாள். தெல்சான் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பினான்.

அப்பாச்சி சனத்தில் மாமியாரும் மருமகனும் முகம் பார்க்கக் கூடாது, பேசவும் கூடாது. கல்யாணமான நாள் முதல் இவர்கள் அதை மீறியதே இல்லை. பாளையத்தில் இருவர் கூடாரத்தையும் தள்ளித் தள்ளிப் போடச் சொன்னவரே அந்தக் கேப்டன்தான்.

தெல்சான் ஜன்னல் வழியாகக் கத்தினான். "ஐயா, மாமியார் ஏறிட்டாங்க! என்னைக் காவல்காரங்க பெட்டிக்கு மாத்துங்க!"

கீழே நின்ற கேப்டன் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவைச் சாத்தினார்கள். வெளியே பூட்டுப் போடும் சத்தம் கேட்டது. வண்டி நகர்ந்தது.

"டேய், நான் பட்டாளத்து ஆளுடா! மெடலைப் பாருடா! திறடா!" கத்தினான், கதவை உதைத்தான், கை வீங்கும்வரை குத்தினான். ஒருவரும் திறக்கவில்லை.

அவன் முதுகுக்குப் பின்னால் அந்த அம்மாள் போர்வையை விலக்கினாள்.

"வந்து உக்காருங்க மாப்பிள்ளை. கைதிக்கு ஏது மாமியார்?"