நல்லம்

புளியந்தீவுப் புகைப்படச் சங்கத்தில் கிழமைக்கு ஒரு தலைப்பு. விமர்சனத்தில் ஆண்களின் படங்களை நார்நாராகக் கிழிக்கும் ஹலீம், மங்கையற்கரசியின் பெட்டிக் கமரா எதைப் பிடித்தாலும் “நல்லம்” என்பார். தன் படங்களை மனுசன் பார்ப்பதே இல்லையோ என்று அவளுக்குச் சந்தேகம்.

இந்தக் கிழமைத் தலைப்பு ‘வாவி’. முதல் ஆளாக வந்து, தன் தோணிப் படத்தைச் சுவரில் தலைகீழாகக் கொழுவினாள். ஹலீம் பேச எழுந்தபோது அவர் முகத்தையே பார்த்திருந்தாள்.

“நல்லம், தங்கச்சி.”

“தலைகீழாத் தொங்குற படமும் நல்லமா, நானா? பாராமச் சொன்னா இப்பிடித்தான்!”

எல்லாரும் சிரித்தார்கள். அவள் திரும்பினாள். தோணி நேராக மிதந்தது.

“வரக்குள்ளயே கண்டன். நீங்க வெக்கப்படுவீங்களெண்டு சத்தமில்லாம நிமித்தி வச்சன்,” என்றார் ஹலீம்.

“பிழையக் கண்டும் நல்லமெண்டீங்க. இதுக்கு முதல் எத்தின படத்த நிமித்தினீங்க, நானா?”